மூன்று மில்லிமீட்டர்

"இதைத் தொட்டீன்னா, மேல்பிரிவுல இருக்கிற பதினாலு குடும்பத்துச் சாவும் உன் தலையில," என்றார் சிவஞானம். கம்ப்யூட்டருக்கும் பர்ஹானுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

பர்ஹான் பதுளையில் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். மடுல்சீமையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா வரைக்கும் மழையிலேயே நடந்து வந்திருந்தான். சப்பாத்துக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது.

"ஐயா, நான் ஒன்னும் உடைக்க வரல்ல. திட்டக்காரங்கதான் அனுப்பினாங்க. இதுல இருக்கிறது விண்டோஸ் பத்து. கம்பனிக்காரன் அதைப் பார்க்கிறத விட்டுட்டான். வைரஸ் பூந்தா எல்லாம் போயிரும். பதினொன்னுக்கு மாத்தணும்."

"மாத்தினா மழை நம்பர் வருமா?"

"அது பழைய புரோகிராம். வரலாம். வராமலும் போகலாம்."

"அப்ப மாத்தாதே. ஓடுறதை எதுக்கு நோண்டுறே?"

மேல்பிரிவில் பதினாலு குடும்பமும் வரிசையாக இருக்கிற லயத்துக்குப் பின்னால் மலை வெடிப்பு விட்டு ஒரு வருஷம் ஆகிறது. வெடிப்புக்குள் ஆள் கையை விடலாம்; பெருமழை பெய்தால் மண் சரிந்துவிடும். அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்றார்கள். வீடு வரவில்லை. கம்ப்யூட்டர்தான் வந்தது.

மேலே, லயத்துக்குப் பக்கத்தில், மழையை அளக்கிற மிசின் ஒன்றைத் திட்டக்காரர்கள் நட்டார்கள். அது சொல்கிற நம்பர் கீழே இந்தத் திரையில் வரும். ஒரு நாள் மழை எழுபத்தைந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் சிவப்பாகிவிடும். சிவந்தால் ஒருத்தரும் லயத்துக்கு ஏறக் கூடாது. எல்லோரும் பிள்ளைக்காம்பராவிலேயே படுத்துக்கொள்ள வேண்டும்.

மிசினையும் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொள்கிற வேலை சிவஞானத்துக்கு. முப்பது வருஷம் தோட்டத்தில் வாச்சராக இருந்தவர். அவர் காவலில் ஒரு கொழுந்துச் சாக்குக்கூட நனைந்தது கிடையாது என்று அவரே சொல்லுவார். மிசின் நட்ட இந்த ஆறு மாசத்தில் நம்பர் ஒரு நாளும் சிவக்கவில்லை.

நாலு மணிக்குக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுப் பூவம்மாவும் மற்றப் பெண்களும் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தார்கள். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சீலையை உதறிக்கொண்டே பூவம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரு மாமா இது? பொட்டியக் கொண்டுபோக வந்திருக்காரா?"

"மாத்த வந்திருக்கானாம். புதுசு போட்டா நம்பர் வருமா வராதான்னு அவனுக்கே தெரியல."

"அண்ணே, தொடாதீங்க," என்றாள் பூவம்மா. "அதைப் பார்த்துத்தான் நாங்க பிள்ளைங்களோட மேல போய்ப் படுக்கிறோம்." பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தாள். "பாருங்க, அதுக்குப் பொலித்தீன்ல சட்டை, மவுசுக்கும் ஒரு சட்டை. எங்க கூரைக்கு ஒரு தகரம் போட ஆளில்ல."

"வாயை மூடிக்கிட்டு நில்லு புள்ள. சாமானைக் காப்பாத்தத் தெரியணும்," என்றார் சிவஞானம். பொலித்தீனை விலக்கித் திரையைப் பார்த்தார்.

"ஏறலாமா மாமா?"

"மூணுதான். ஏறுங்க."

பெண்கள் பிள்ளைகளை இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு குறுக்குப்பாதையில் ஏறினார்கள். பதினொரு பிள்ளைகள். பனியில் நாலு எட்டு வைப்பதற்குள் ஆட்களைக் காணவில்லை.

பர்ஹான் தன் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தான். தண்ணீர் கொட்டியது.

"மூணு மில்லிமீட்டரா? மூணு நாளா ஊத்துதே ஐயா."

"கீழ ஊத்தும், மேல தூறாது. மலைன்னா அப்படித்தான். டவுன்காரனுக்கு என்ன தெரியும்?"

"எனக்கென்னமோ புரோகிராம்தான் பிழைன்னு தோணுது. பழசு பிழையாத்தான் காட்டும்."

சிவஞானம் வாசலுக்குப் போனார். முற்றத்து ஓரமாக மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் காலையில் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது மண் கரைந்து தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

அவர் யார் பேச்சையும் லேசில் நம்புகிறவர் இல்லை. ஆனால் தண்ணீரை நம்புவார்.

"சரி," என்றார் திரும்பி வந்து. "மாத்து. மாத்திட்டுச் சரியான நம்பரைக் காட்டு. பிழையா இருந்தா நான் ஓடிப்போய் எல்லாரையும் இறக்குறேன்."

"முழுசா மாத்த ரெண்டு மணித்தியாலம் போகும். முதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

பர்ஹான் ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்று, திட்ட அலுவலகத்துக்குப் போன் எடுத்தான். சுபாஜினி என்கிற பெண் பேசினாள். தன்னுடைய திரையில் பார்த்துவிட்டுச் சொன்னாள். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, புரோகிராமிலும் கோளாறு இல்லை. மேலே மிசின் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒழுங்காகச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

"அதோட வாய் புனல் மாதிரி மேலே பார்த்துத் திறந்திருக்கும்," என்றாள். "மழை அதுக்குள்ள விழுந்தாத்தான் நம்பர் ஏறும். உள்ளே தண்ணி சரியாப் போகலன்னு நினைக்கிறேன். இலை விழுந்து அடைச்சிருக்கான்னு அந்தப் பெரியவர்கிட்டக் கேளுங்க."

பர்ஹான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினான்.

"ஐயா, மேல அந்த மிசினோட வாய்ல இலை கிலை விழுந்து அடைச்சிருக்குமா?"

சிவஞானத்துக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷக் காவலில் ஒருத்தரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

"இலை எப்படி விழும்? நட்ட மறுநாளே அது மேல பெரிய வாளியக் கவுத்து, கல்லும் வச்சிட்டேனே, ஒரு சொட்டு மழை படாம."