பனி அறையில் கேட்ட சத்தம்

மணாலி மலையில் பனியைக் குடைந்து தானே கட்டிய முதல் அறையில், கணவன் நன்மாறனோடு அமுதினி படுத்திருந்தாள். "கூரை கொஞ்சம் மெல்லிசுதான், பரவாயில்ல" என்று அதைக் கட்டக் கற்றுத்தந்த பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அந்த உயரத்தில் சிக்னல் எட்டாததால், வேண்டாத சத்தங்களை வடிகட்டும் அவளுடைய காதுச் சில்லு ஓய்ந்துவிட்டது. கண்ணயரும் நேரத்தில் கரகரவென்று ஏதோ பிளக்கும் சத்தம். கூரைதான் என்று பதறி, அவனைத் தூக்கப் பையோடு வெளியே இழுத்துப் போட்டாள். சத்தமும் கூடவே வந்தது.

"எட்டு வருஷமா இப்படித்தான் குறட்டை விடுறீங்களா?"

நன்மாறன் கண்ணைக் கசக்கினான். "நீ விடுறதுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

"உங்க காதுலயும் சில்லு இருக்கே, எப்படிக் கேட்டுது?"

"கல்யாணத்தன்னைக்கே அணைச்சிட்டேன். ராத்திரி நீ கூப்பிட்டா கேக்கணுமில்ல."