எண்ண வந்த அதிகாரி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் வகுப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகள். நான் கணக்கு வாத்தியார், நானே எண்ணினேன்.

ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் இருந்தால் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிடுவார்கள் என்று புது உத்தரவு. அதிகாரியின் கார் வாசலில் வந்து நின்றதுமே தலைமை ஆசிரியைக்கு வியர்த்துக் கொட்டியது.

"சார், பாதிப் பேரை எங்கயாவது ஒளிச்சு வைங்க சார்!"

"எங்க ஒளிக்கிறது மேடம்? ஜன்னல் மேலயே ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க."

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். முப்பதைத் தாண்டியதும் அவர் நின்றார், தலையைச் சொறிந்தார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"முப்பத்தெட்டு" என்றார். "சின்ன வகுப்பு, அதான் நல்லாப் படிக்கிறாங்க. நான் படிச்ச வகுப்புல எள்ளு விழ இடமிருக்காது சார். வாத்தியார் சொல்றது கடைசி பெஞ்சுக்குக் கேக்கவே கேக்காது."

அவர் போனதும் தலைமை ஆசிரியை நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார்.

அந்த அதிகாரி படித்த அதே வகுப்பில், அதே கடைசி பெஞ்சில், அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் நானும் எண்ணக் கற்றுக்கொண்டேன்.