வரைபடத்துக்குப் போன தவளை

திரையில் கடைசித் துண்டும் பொருந்தியது.

ஒரு தவளையின் முழு மரபணு வரைபடம்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆய்வுக்கூடத்தில் ஏ.சி. இரைச்சல் மட்டும்.

அப்பா இருந்திருந்தால் முதலில் அவருக்குத்தான் சொல்லியிருப்பாள்.

பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் ஏதோ கல்யாண மண்டபத்தில் இருந்தார். மேளச் சத்தம்.

“சூப்பர் மெர்லின்! நாளைக்குக் கேக் வெட்டிடலாம். அந்தத் தவளையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா, கட்டுரையில போடணும்.”

“அது இப்ப உயிரோட இல்ல சார். ரத்தம், ஈரல் எல்லாம் எடுத்துத்தானே பண்ணோம்.”

“ஆமால்ல.”

கொஞ்சம் யோசித்தார்.

“சரி, வேற ஒண்ண எடுத்து அனுப்பு. எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கும்.”

தலைப்பிரட்டையிலிருந்து அந்தப் பெண் தவளையை வளர்த்தவள் அவள். தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் இறக்கியபோது, அது அவள் உள்ளங்கையிலேயே அடங்கிப்போனது.

தவளை அறைக்குப் போனாள். அது இருந்த அதே தொட்டி. இப்போது அதில் ஆண் தவளை மட்டும்.

போனைக் கண்ணாடியருகே கொண்டுபோனபோதுதான் கேட்டது.

தண்ணீருக்கடியிலிருந்து ஒரு கரகரப்பு. நின்றது. மறுபடி வந்தது.

இந்த இனத்தில் ஆண் தவளை நீருக்குள்ளிருந்தே கூப்பிடும். பிடித்திருந்தால் பெண் தவளை பதில் தரும். கதவைத் தட்டுவதுபோல், சின்னச் சின்னதாய். இதே தொட்டியில் அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

ஆண் தவளை கூப்பிட்டது.

காத்திருந்தது.

கூப்பிட்டது.

பெண்ணை எடுத்துப்போன நாளிலிருந்தே இப்படியா? அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமும் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. திரையின் முன்னால் இருந்தாள்.

போனைப் பைக்குள் போட்டாள். தரையில் மண்டியிட்டாள்.

ஏன் செய்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டினாள்.

டக். டக். டக்.

குரல் நின்றது.

தவளை திரும்பியது. தொட்டியின் மறுகோடியிலிருந்து ஒரே வீச்சில் நீந்தி வந்தது. அவள் விரல் இருந்த இடத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

தவளை நகரவில்லை.

வெளியே யாரோ நடந்து போனார்கள். காவலாளியாக இருக்கும். கதவைப் பூட்டும் நேரம்.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை.