ஊனம் பூஜ்யம்

தொண்டு நிறுவனத்தின் வாசற்கதவே ஊனத்தை அளந்து பார்க்கும். நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால் திறக்காது. போன வருடம் அங்கே கொடுத்த இயந்திரக் காலைச் சர்வீஸ் செய்ய, அதை மாட்டிக்கொண்டே நடந்து வந்தாள் பூங்கோதை.

“ஊனம் பூஜ்யம். உங்களுக்குத் தகுதி இல்லை. காலைத் திருப்பி ஒப்படைக்கவும்” என்றது கதவு.

“அடப்பாவி! நீங்க குடுத்த காலுதானே நடக்குது?”

செயற்கைக் கையும் செவிக்கருவியுமாக வந்த ஏழெட்டுப் பேர், அதே பதிலைக் கேட்டுவிட்டு ஓரமாக நின்றிருந்தார்கள்.

பூங்கோதை படியில் உட்கார்ந்து காலைக் கழற்றினாள்.

“எழுபது சதவீதம். வருக.”

கதவு திறந்ததும், கழற்றிய காலை அதன் இடுக்கில் செருகினாள்.

“எல்லாரும் உள்ள போங்க. நான் கடைசியா வர்றேன்.”

கதவு இரண்டு தடவை மூடப் பார்த்தது. கால் விட்டுக்கொடுக்கவில்லை.