எண்ணெய் டின் ஆன்டெனா

“இன்னிக்காவது ஏதாவது கேட்டுச்சாடா?”

மாடியேறிய மூச்சு அடங்கும் முன்பே மொன்ஜியா கேட்டாள். ஏழு மாதமாக, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் இதே மாடி, இதே கேள்வி. அவள் மகன் வஜ்தி ஒரு விடியற்காலையில் மஹ்தியா கரையிலிருந்து இத்தாலிக்குப் படகேறினான். அதன் பிறகு தகவலே இல்லை.

பக்கத்து வீட்டு ஷிஹாப் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இல்ல சின்னம்மா. ஒண்ணும் கேக்கல.”

ஆலிவ் எண்ணெய் டின்களை வெட்டி அவனும் வஜ்தியும் சேர்ந்து செய்த ஆன்டெனா, அகன்ற வாயை வானத்துக்குக் காட்டி நின்றது. பகலிலும் வேலை செய்யும். நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் ஹைட்ரஜன் வாயுவின் முனகலைப் பிடித்துத் திரையில் ஒரு சின்ன மேடாகக் காட்டும். அவ்வளவுதான். கடலில் போனவனின் குரல் அதற்கு எட்டாது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் எழவில்லை. இன்று சொல்லாவிட்டால் இனி முடியாது.

“சாப்பிடு.” பேரீச்சம்பழம் வைத்துச் செய்த மக்ரூத் பலகாரத் தட்டை நீட்டினாள். “இனிப்பு கம்மிதான். உன் ஆன்டெனாகிட்ட என்னைப் பத்திக் குறை சொல்லாத.”

அவன் சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“சின்னம்மா, நாளைலேர்ந்து நான் இங்க இருக்க மாட்டேன். தூனிஸ்ல வேலை கிடைச்சிருக்கு.”

“அப்படியா.”

“இன்னொண்ணு. இதுல வஜ்தி குரல் கேக்காது. எப்பவுமே கேக்காது. இது நட்சத்திரத்துக்கு நடுவுல இருக்கற வாயுவோட சத்தம். அங்கேருந்து கிளம்பியே ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு. உங்ககிட்ட சொல்லாம ஏமாத்திட்டேன்.”

அவள் அழவில்லை. ஆன்டெனாவின் விளிம்பை விரலால் தடவினாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி பிஸர்தா துறைமுகத்துல ஆறு வருஷம் வயர்லெஸ் ஆபரேட்டரா இருந்தேன்டா. இந்த டின்னுக்குப் படகு கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்கு தினமும் ரெண்டு மாடி ஏறி வந்தீங்க?”

“வஜ்தி என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். நான் தடுக்கல. படகுல ரெண்டு பேருக்கு இடம் பேசியிருந்ததையும், கடைசி நேரத்துல நீ பின்வாங்கினதையும் சொன்னான்.”

தொட்டிக்குப் பின்னால் அவன் ஒளித்துவைத்திருந்த, மிதவைச் சட்டை துருத்திக்கொண்டிருந்த பையை எடுத்து வந்து, மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும் படியை மறித்து உட்கார்ந்தாள்.

“நீ இன்னும் இங்கதான் இருக்கியான்னு பாக்கத்தான்டா வந்தேன்.”