வேறொருத்தியின் குரல்

திரையில் பிலோமினா வாயைத் திறந்ததும் வேறு யாரோ பேசினார்கள். குத்துச்சண்டையில் தேசியப் பதக்கம் வென்ற காசிமேட்டுப் பெண்ணான அவளைப் பற்றிய ஆவணப்படம் அது. "உன் கதைய நீயே, உன் பாஷையிலயே சொல்லு" என்று இயக்குநர் நந்திதா மாதக்கணக்கில் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்டிருந்தாள். மீன் கவிச்சி அடிக்கிறதென்று பயிற்சி முகாமில் யாரும் அறையில் சேர்க்காததையும், அறைக்கு வெளியே நடையில் படுத்து அழுததையும் பிலோமினா அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். இப்போது அந்த இடம் வந்தது. திரையில் அவள் உதடு துடித்தது, கண் கலங்கியது. குரல் மட்டும் நிதானமாக, "முகாமில் எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம்" என்றது. அரங்கம் கைதட்டியது.

"இன்னாடி, நீ அழுவுற, அது இன்னாவோ பேசுது?" என்றாள் பக்கத்திலிருந்த அம்மா.

படம் முடிந்ததும் நந்திதா வந்து கையைப் பிடித்தாள். "நீ சொன்னத அப்படியே வைக்க பாக்ஸிங் சங்கத்துல ஒத்துக்கல பிலோ. இல்லன்னா படமே வந்திருக்காது."

பிலோமினாவை மேடைக்கு அழைத்து மைக்கை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை.

"எனக்காகப் பேசிச்சே, அந்தப் பொண்ணக் கூப்டுங்க. அது நல்லாப் பேசும்."

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று கூட்டம் சிரித்தது. நந்திதாவும் சேர்ந்து சிரித்தாள்.