இரண்டு வருஷப் பஞ்சர்

மை ஃபாதர், என்றாள்.

அதோடு நின்றுவிட்டது.

மதுரையில் ஒரு ஓட்டல் அறை. எதிரே நரைத்த தலையோடு ஓர் அம்மாள். மேஜைமேல் சின்ன ரெக்கார்டர். கேட்ட கேள்வி இதுதான்: சைக்கிள் ஓட்ட உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

பதில் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திருநெல்வேலியில் செருப்புக்கடை மாடியிலிருக்கும் கோச்சிங் சென்டரில் முப்பது பேரும் உருப்போட்ட பதில். அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். சொல்லாமல் கையை விட்டார். திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் நின்று கைதட்டினார்.

முப்பது பேருக்கும் ஒரே அப்பா.

"பொய் சொல்லுங்கம்மா, பரவால்ல. அவங்க உங்க இங்கிலீஷுக்குத்தான் மார்க் போடுவாங்க, குடும்பத்துக்கு இல்ல" என்பார் சாம்ராஜ் சார்.

அயர்லாந்தில் நர்ஸ் வேலை தயாராக இருந்தது. அதற்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஏழு வேண்டும். முதல் தடவை குடையைப் பற்றிக் கேட்டார்கள், ஆறு. இரண்டாம் தடவை சாக்லேட், ஆறரை. இதுவும் போனால் வேலை வேறு ஆளுக்கு.

அந்த அப்பாவை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் வினை. பஸ்ஸில், குளியலறையில், வார்டில் டிரிப்ஸ் மாற்றும்போது என்று நான்கு மாதம் அவரைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். நிஜ அப்பா அவளுடைய நான்கு வயதில் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர். இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது ஒரு அந்நிய முகத்துக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொன்னதும் மேலே பொய் சொல்ல மனம் வரவில்லை.

அம்மாள் காத்திருந்தாள்.

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, என்றாள் அவள் ஆங்கிலத்தில். எனக்கு இன்னும் ஓட்டத் தெரியாது.

பிறகு வந்ததெல்லாம் நோட்டில் இல்லாதது.

பிளஸ் ஒன்னில் அரசாங்கம் எல்லோருக்கும் சைக்கிள் கொடுத்தது. அவளுக்கும் கொடுத்தது. பின்னால் பிடிக்க ஆளை யார் கொடுப்பார்கள்? அம்மா பீடித்தட்டை விட்டு எழுந்தால் அன்றைக்கு உலை ஏறாது. மற்றப் பெண்கள் ஜோடி ஜோடியாகப் பறந்தார்கள். அவர்களிடம் கேட்க வெட்கம். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். உருட்டிக்கொண்டே போனாள், உருட்டிக்கொண்டே வந்தாள்.

என்னம்மா பஞ்சரா, என்பார்கள் எதிரே வருகிறவர்கள்.

ஆமா, என்பாள்.

இரண்டு வருஷம் பஞ்சர்.

வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்திருக்கலாமே, ஏன் கொண்டுபோனீர்கள், என்று கேட்டாள் அம்மாள்.

வெறுங்கையோடு நடந்தால் தனியாகப் போகிறேன் என்று தெரிந்துவிடும்.

அம்மாளின் பென்சில் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக இப்படி ஒருத்தர் தன் முகத்தைப் பார்த்து இவளுக்கு எத்தனையோ வருஷமாயிற்று. வீட்டில் சாப்பிட்டியா. வார்டில் பிபி பாத்தாச்சா. அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

நன்றி, என்றாள் அம்மாள். அடுத்து, மழையைப் பற்றிப் பேசலாம்.

மழையைப் பற்றிப் பேசினாள்.

ஏழரை வந்தது. உலகத்தில் ஒருத்திக்காவது ஏழரை நல்லதுக்கு வந்தது.

சாம்ராஜ் சார் போனிலேயே குதித்தார். என்ன கேட்டாங்க, என்ன சொன்னே, ஒண்ணு விடாம சொல்லு. அந்த அறையில் சொன்னதையெல்லாம் சொன்னாள். எதிர்ப்பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. அப்போது அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அல்வா டப்பாவோடு அந்த மாடி ஏறினாள்.

பாதிப் படியிலேயே காதில் விழுந்தது. புது பேட்ச். முப்பது குரல், ஒரே ராகம், எல்லாம் ஆங்கிலத்தில்.

யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

இரண்டு வருஷம் பஞ்சர்.

வெறுங்கையோடு நடந்தால் தனியாகப் போகிறேன் என்று தெரிந்துவிடும்.

யாரோ ஒருவனுக்கு நாக்குக் குழறியது. எல்லோரும் சிரித்தார்கள். சார் மறுபடி என்றார். மறுபடி முதலிலிருந்து.

அவளுக்கு உடம்பு கூசியது. தன் துணியை எடுத்து ஊரார் ஒவ்வொருவராகப் போட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் சார் பார்த்துவிட்டார். இவங்கதான் அந்த ஏழரை, என்று கைகாட்டினார். கைதட்டினார்கள்.

கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. அவளுடைய நோட்டு மூடியிருந்தது.

ஒவ்வொருவராக அல்வா கொடுத்துக்கொண்டு அங்கே வந்தாள். அந்தப் பெண் கையை நீட்டவில்லை. தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

"அக்கா, அது நெசமா?"

"நெசந்தான்."

"நானும் உருட்டிக்கிட்டுத்தான் போவேன்."

சார் பலகையில் அடுத்த கேள்வியை எழுதத் தொடங்கியிருந்தார். அவள் டப்பாவை மூடினாள். அன்றைக்குத் தேர்வறையில் மழை வந்து கெடுத்த அந்த ஒன்றை, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஆளில்லாத எடத்துல பெல்லு மட்டும் அடிச்சுக்கிடுவேன்."

அந்தப் பெண் பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டாள்.